தனிக்கட்டையும் புழுங்கல் அரிசியும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை முதன்முதலாக வீட்டை விட்டுப் புறப்படுகிறது. தொழிற்சாலை வேலையாக இருக்கலாம், பயிற்சிக் கல்லூரியாக இருக்கலாம். பெட்டியில் சட்டை துணி அடுக்கியாயிற்று. சாமி படம் வைத்தாயிற்று. "சாப்பாட்டுக்கு என்னப்பா செய்வே?" என்று தாய் கேட்கிறாள். "அங்கே கடை இருக்கும்மா" என்கிறான் மகன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. முதல் மாதச் சம்பளத்தில் பாதி கடைக்குப் போனபிறகுதான் மீண்டும் தொடங்குகிறது.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. நம் பாட்டனும் பூட்டனும் இந்த மண்ணில் கால் வைத்த நாளிலேயே எழுந்த கேள்வி இது. சஞ்சிக்கூலியாக வந்தவர்களும், பின்னர் கங்காணி கூட்டி வந்தவர்களும் பெரும்பாலும் இளவட்ட ஆண்கள். 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், மலாயாவில் 1,000 இந்திய ஆண்களுக்கு ஏறக்குறைய 300 இந்தியப் பெண்களே இருந்தார்கள். ஆகவே அக்காலத்து லயங்களில் அடுப்பு மூட்டிய கை பெரும்பாலும் ஆண்பிள்ளைக் கைதான். ஊரில் தாயோ அக்காளோ சோறு போட உண்டு வளர்ந்தவன், இங்கே விடிவதற்கு முன் பிரட்டுக்குப் போய், பால் எடுத்து, எடை போட்டுத் திரும்பி வந்து, தானே பொங்கித் தின்ன வேண்டும். கையில் இருப்பதோ சில்லறைக் காசு. அதிலும் ஊரில் உள்ள கடனுக்கு ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும்.

அவன் என்ன தின்றான்? ஏன் பிழைத்தான்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை, உலக மருத்துவ வரலாற்றிலேயே இடம் பிடித்த ஒரு செய்தியோடு சேர்ந்து வருகிறது. அதில் ஒரு பகுதி கோலாலம்பூரிலும் நெகிரி செம்பிலானிலும் நடந்தது. நம் பள்ளிப் புத்தகங்கள் இதை ஏன் விட்டுவிட்டன என்பது எனக்கு விளங்கவில்லை.

அவன் தின்றது சோறு, பருப்பு, புளி, மிளகாய், உப்பு, கருவாடு. கிடைத்த நாளில் லயத்துப் பின்புறம் பறித்த கீரை. அரிசியைத் தோட்ட நிர்வாகமே மூட்டை மூட்டையாகத் தருவித்து, அளந்து கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். 1920களின் பிற்பகுதியில் அரசாங்கம் இந்தியத் தொழிலாளர்களுக்குத் தரமான சம்பளம் என்று ஒன்றை வகுத்தது. போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு தொழிலாளி மாதத்தில் என்ன தின்கிறான், என்ன உடுக்கிறான் என்று பட்டியல் போட்டுப் பார்த்தே அது வகுக்கப்பட்டது. நம் பாட்டனின் சோற்றுக் கணக்கைத் துரைமார்களும் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் கணக்கில் குடும்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பது வேறு வழக்கு. அதைப் பற்றித் தனியே ஓர் உரை செய்யலாம்.

கவனிக்க வேண்டியது, அந்த மூட்டையில் இருந்த அரிசி. அது பெரும்பாலும் புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதன்பிறகு குத்தி எடுப்பது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் பொங்கலுக்கும் பூசைக்கும் பச்சரிசி. அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கல் அரிசி. அந்த நாக்கோடு வந்தவன் இங்கும் அதைத்தான் கேட்டான். பழக்கமில்லாதவர்களுக்கு அதன் வாடை பிடிக்காது. பார்வைக்கும் பழுப்பாக இருக்கும். கூலிக்காரன் அரிசி என்று சொன்னவர்களும் உண்டு.

அதே காலத்தில், பக்கத்து ஈயச் சுரங்கங்களில் இன்னொரு கூட்டம் தனிக்கட்டைகள் இருந்தார்கள். சீனத் தொழிலாளர்கள். அவர்களும் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள். கொங்சி வீடுகளில் கூட்டமாகத் தங்கியவர்கள். நம்மவரைவிடச் சற்றுக் கூடுதலாகவே சம்பாதித்தவர்கள். அவர்கள் உண்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைவெளேரென்ற சியாம் அரிசி. அவர்களிடையேதான் பெரிபெரி என்ற நோய் கொத்துக் கொத்தாக உயிர் குடித்தது. முதலில் கால் மரத்துப் போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வற்றும், சிலருக்கு உடம்பெல்லாம் வீங்கும். கடைசியில் இதயம் நின்றுவிடும். அக்கால மலாயா மருத்துவமனைகளில் சீனத் தொழிலாளர்களைக் கொன்ற நோய்களில் இது முன்வரிசையில் இருந்தது. தோட்டத்துத் தமிழனிடமோ இது அரிதாகவே காணப்பட்டது.

ஏன் என்று அறிய முனைந்தவர்கள் பலர். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹேமில்டன் ரைட், இது கிருமியால் பரவும் நோய் என்றே நம்பினார். அது கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்த காலம். எந்த நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடுவது வழக்கமாக இருந்தது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் வேறு வழியில் போனார். அவர் தட்டைப் பார்த்தார். வெள்ளை அரிசி தின்னும் சீனனுக்கு நோய். புழுங்கல் அரிசி தின்னும் தமிழனுக்கு இல்லை. தன் வயல் நெல்லை அவ்வப்போது குத்தித் தின்னும் கம்பத்து மலாய்க்காரருக்கும் இல்லை. ஆகவே கோளாறு அரிசியில்தான் என்று முடிவு செய்து, 1907இல் ஒரு பெரிய நூலே எழுதினார். வெள்ளை அரிசி பழசாகும்போது அதில் ஒரு நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கொண்ட காரணம். காரணம் தப்பு. ஆனால் கண் பார்த்தது சரி.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர் என்ற மருத்துவர் 1905ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு சோதனை தொடங்கினார். அதற்கு முன் அங்கே பெரிபெரி பலரை வாட்டியிருந்தது. நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு முன்போலவே சியாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண்காரர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. இடத்தில் ஏதும் கோளாறோ என்ற ஐயம் வரக்கூடாதென்று, நடுவில் இரு கூட்டத்தையும் கட்டடம் மாற்றியும் வைத்தார். ஓராண்டு முடிந்தபோது வெள்ளை அரிசிக்காரர்களில் பலர் நோயில் விழுந்திருந்தார்கள், இறந்தவர்களும் உண்டு. புழுங்கல் அரிசிப் பக்கம் நோய் கண்டவர் இருவரே. அவர்களும் நோயோடுதான் அங்கே வந்து சேர்ந்தவர்கள். மனநோயாளிகளை இப்படிச் சோதனைப் பொருளாக்க இன்று எந்த மருத்துவச் சபையும் இடம் கொடாது. உயிர் விட்டவர்களின் பேர்கூட நமக்குத் தெரியாது என்பதை நினைக்கும்போது, இந்த அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலை மனத்தை உறுத்துகிறது.

பிளெச்சர் செய்ததை இன்னும் கண்டிப்பாகச் செய்து பார்த்தவர்கள் ஹென்றி பிரேசர், ஏ. டி. ஸ்டான்டன் என்ற இருவர். இருவரும் அதே ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். 1907இல் நெகிரி செம்பிலான், ஜெலபு வட்டாரத்து டுரியான் திப்பூஸ் காட்டில் புதுச் சடக்கு போடும் வேலைக்கு 300 ஜாவாக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசியும் மறு கூட்டத்துக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டிவிட்டது. மறு கூட்டத்தில் இல்லை. பிறகு, வெள்ளை அரிசி தின்று நோய் கண்ட கோழிகளுக்கு, ஆலையில் கழித்து ஒதுக்கும் தவிட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். கோழிகள் தேறின. ஆகவே அரிசியில் நஞ்சு ஏதும் இல்லை. இருக்க வேண்டிய ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்பது துலங்கியது.

கோழி என்றதும் ஜாவாவில் அதற்கு முன் நடந்த ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1890களில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பெரிபெரியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகளுக்கும் கால் விளங்காமல் போயிற்று. பிறகு தாமாகவே தேறிவிட்டன. விசாரித்தால், அவற்றுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோறு போடப்பட்டு வந்திருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவச் சோற்றை ஊர்க் கோழிக்குப் போட முடியாது என்று நிறுத்திவிட்டார். மலிவான, தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நின்றன! அந்தச் சமையற்காரரின் கருமித்தனத்துக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது.

1910இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு நாட்டு மருத்துவர்கள், தீட்டிய வெள்ளை அரிசியையே தொடர்ந்து முக்கிய உணவாக உண்பதால்தான் பெரிபெரி வருகிறது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். 1912இல் காசிமிர் பங்க் என்பவர், உணவில் மறைந்திருக்கும் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்ற பெயரைக் கொடுத்தார். பெரிபெரியைத் தடுப்பது இன்று பி1 அல்லது தையமின் எனப்படுகிறது. 1926இல் ஜாவாவிலேயே அதைத் தவிட்டிலிருந்து தனியே பிரித்தெடுத்தார்கள். 1936இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கவும் வழி கண்டார்கள்.

இது வேலை செய்யும் விதம் எளிது. பி1 நெல்மணியின் மேல்தோலிலும் முளையிலும் இருக்கிறது. பச்சையாகக் குத்தித் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, அதில் ஒரு பகுதி மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் உள்ளே இறங்கியது தங்கிவிடுகிறது. மாவுச்சத்தை உடம்பு எரித்துப் பலமாக்குவதற்குப் பி1 வேண்டும். ஆகவே எவன் சோற்றை மட்டுமே மலைபோல் தின்கிறானோ, அவனுக்குத்தான் அது மிகுதியாகத் தேவை. இதைச் சேமித்து வைக்கவும் உடம்பால் முடியாது. சில வாரங்களுக்குமேல் கையிருப்பு நில்லாது.

இதைக் கேட்டு நாம் மார் தட்டிக்கொள்ள இடமில்லை. நம்மவர் மருத்துவம் அறிந்து புழுங்கல் அரிசி தின்னவில்லை. நாக்குப் பழக்கம் காப்பாற்றிற்று, அவ்வளவுதான். சீனத் தோழன் புத்தி குறைந்து சாகவுமில்லை. அவனுக்குச் சுரங்கத்தில் அளந்து போட்ட அரிசி அது. புழுங்கல் அரிசி எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுச் சோகையும் தோட்டங்களில் நம்மவரை ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போயின. அரைவயிறு தின்று காசு மிச்சம் பிடித்தவனும், அலுப்பில் அடுப்பு மூட்டாமல் வெறும் வயிற்றோடு படுத்தவனும் காய்ச்சல் வந்தபோது முதலில் சாய்ந்தார்கள்.

புழுங்கல் அரிசியின் அருமை, அது இல்லாமற் போனபோது தெரிந்தது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சியாமிலிருந்தும்தான் வாங்கிவந்தது. 1942இல் ஜப்பானியர் வந்ததும் கப்பல் நின்றது. பங்கீட்டு அரிசி மாதத்துக்கு மாதம் குறைந்தது. தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கு முக்கிய உணவாயிற்று. வயிற்றை அடைக்கும், ஆனால் புரதமும் பி1உம் அதில் மிகக் குறைவு. காலும் முகமும் வீங்கிப்போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் கதி அதைவிடக் கொடிது. 415 கிலோமீட்டர் நீளப் பாதை, 1942, 1943 ஆண்டுகளில் போடப்பட்டது. பல்லாயிரம் மலாயாத் தமிழர்கள் அங்கே இழுத்துச் செல்லப்பட்டார்கள். கிடைத்தது வெள்ளை அரிசிச் சோறும், கறி என்ற பெயரில் கொஞ்சம் தண்ணீரும். வாந்திபேதி, மலேரியா, புண் ஆகியவற்றோடு பெரிபெரியும் சேர்ந்துகொண்டது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் சீனச் சுரங்கத் தொழிலாளியைத் தின்ற அதே நோய், அரிசி மாறியதும் தமிழனைத் தின்றது. இரத்தம், இனம் என்பதற்கெல்லாம் இதில் பங்கே இல்லை.

போர்க்கைதிகள் முகாம்களில் இருந்த மருத்துவர்கள், கையில் மருந்து இல்லாமல், அரிசித் தவிட்டையும் பாசிப்பயற்றையும் தேடி அலைந்தார்கள். பாசிப்பயறு பெரிபெரிக்கு நல்லது என்பது ஜாவாவில் 1902ஆம் ஆண்டிலேயே ஹுல்ஷோப் போல் என்ற மருத்துவர் ஒரு மனநோய் மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்துக் கண்டது. நம் கடைகளில் காச்சாங் ஈஜாவ் என்று கேட்டால் அளந்து கொடுக்கிறார்களே, அதே பயறுதான்.

இதெல்லாம் பாட்டன் காலத்துக் கதை, இப்போது யாருக்குப் பெரிபெரி வருகிறது என்று கேட்கலாம். 1970களின் நடுவில் ஜப்பானில் வந்தது. பஞ்சம் இல்லாத, பணம் பெருகிய நாட்டில் வந்தது. யாருக்கு? பெரும்பாலும் இளவட்டங்களுக்கு. வெள்ளை அரிசி, உடனடி மீ, இனிப்புச் சோடா, இவற்றிலேயே நாளைக் கழித்துக்கொண்டு, உடம்பை வருத்தி விளையாடியவர்களுக்கு. இதய நோயென்று மருத்துவமனைக்கு வந்தவர்களைச் சோதித்த மருத்துவர்கள், இது தங்கள் பாட்டன் காலத்துப் பெரிபெரி என்று கண்டு திகைத்தார்கள்.

அந்த ஆண்டுகளில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. பெண்பிள்ளைகள்கூடத் தங்கும் விடுதிக்குப் போனார்கள். பின்னர் வெளியேற்றம் இன்னும் கூடிற்று. இன்றும் அந்தப் பிள்ளையின் அறையில் இருப்பது பாட்டன் அறையில் இருந்ததைவிட மேலான அடுப்பு. மின்சாரச் சோற்றுப் பானை இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. உணவோ ஒரு பொட்டலம் மீயும் ஒரு பாட்டில் இனிப்புத் தண்ணீருமாக முடிந்துவிடுகிறது. இவை மாதக்கணக்கில் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் பெரிபெரி வராவிட்டாலும் வேறு வரும். இந்நாட்டு இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்று தேசிய நலவாய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பாட்டனுக்கு இல்லாமையால் வந்தது நோய். பேரனுக்கு இனிப்பும் மாவும் மட்டும் மிகுந்து, மற்றவை இல்லாமையால் வருகிறது.

ஆகவே புறப்படும் பிள்ளையின் பையில் புழுங்கல் அரிசி ஒரு பொட்டலம் இருக்கட்டும். கூடவே பாசிப்பயறு, நெத்திலிக் கருவாடு, சீரகம், காய்ந்த மிளகாய். அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டுப் பிசைந்து கழுவக்கூடாது. பி1 நீரில் கரையும். கழுவிக் கொட்டினால் சாக்கடைக்குத்தான் சத்து. ஒரு முறை அல்லது இரு முறை அலசினால் போதும். கஞ்சியை வடிப்பதானால் உப்புப் போட்டுக் குடித்துவிட வேண்டும். நம் பாட்டன்மார் பழைய சோற்றின் நீராகாரத்தைக் கீழே ஊற்றாமல் குடித்தார்களே, நீரில் இறங்கியதும் வயிற்றுக்கே போயிற்று.

ஒரே பானையில் ஆகக்கூடியது ஒன்று சொல்கிறேன். வேலைக்குப் போகுமுன் கால் குவளைப் பாசிப்பயற்றை ஊறப் போட்டுவிடுங்கள். மாலையில் அந்த நீரை மாற்றி, ஒரு குவளைப் புழுங்கல் அரிசியும் மூன்று குவளை நீரும் சேர்த்து, உப்பும் சீரகமும் போட்டு மின்பானையில் வையுங்கள். முக்கால்வாசி வெந்ததும் ஒரு பிடி முருங்கைக்கீரையோ காங்கோங்கோ கிள்ளிப் போட்டு மூடவும். வெந்த சோற்றின் மேல் ஒரு முட்டை, அல்லது வறுத்த நெத்திலி. ஒரு நாள் தெம்பே துண்டு. இதில் ஒருவருக்கு இரண்டு வேளை ஆகும். இரண்டாம் வேளைக்குள்ளதைச் சூடு ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாளே தீர்த்துவிட வேண்டும். சம்பள நாளில் கடையில் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண்பிள்ளைக்கு மட்டும் சமையல் கற்றுக்கொடுக்கும் வழக்கத்தை, மலாயாத் தோட்டங்களில் பெண்ணே இல்லாத லயங்கள் பொய்யாக்கிவிட்டன. பையன் புறப்படுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே, வாரத்தில் இரண்டு இரவு அடுப்பை அவன் கையில் விட்டுவிடுங்கள். பக்கத்தில் நின்று கரண்டியைப் பிடுங்காதீர்கள். முதல் வாரம் சோறு குழையும், பயறு வேகாது, உப்புக் கரிக்கும். வீட்டில் எல்லாரும் அதைத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.